நாற்பத்தேழையும் நாற்பத்தெட்டையும் சேர்த்தல்

ஆங்கிலத்தில் 'அமல்கமேற்' என்றொரு வினைச்சொல் இருக்கிறது. உருத்திரபுரம் எட்டாம் வாய்க்கால் குடியேற்றத்தில் அதன் கருத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். ஐம்பத்தைந்தாம் ஆண்டு மாசி மாதம் வரைக்கும் அதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன்.

என் பெயர் கனகலிங்கம். அப்படி யாரும் கூப்பிடுவதில்லை, கிளாக்கர் என்பார்கள். மலாயாவில் ஒரு றப்பர்த் தோட்டக் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் பேனை பிடித்தவன். திரும்பி வந்து பார்த்தால், யாழ்ப்பாணத்தில் பாட்டன் காணியைப் பங்கு பிரித்துப் பங்கு பிரித்து, என் பங்குக்கு வந்த துண்டில் ஒரு கட்டிலை நெடுக்காகப் போடலாம், குறுக்காகப் போட முடியாது. அரசாங்கம் வன்னியில் காடு வெட்டிக் குளத்துத் தண்ணீர் விட்டு, ஆளுக்கு மூன்று ஏக்கர் வயலும் வீடு கட்ட மேட்டுக்காணியும் கொடுக்கிறது என்றார்கள். நானும் மனைவி விமலேஸ்வரியும் வந்துவிட்டோம். வயல் வேலை எனக்குச் சரிவரவில்லை. அதை மைத்துனன் பார்த்துக்கொண்டான். நான் பெட்டிசம் எழுதினேன்.

அரசாங்கத்துக்கு எழுதும் முறைப்பாட்டைத்தான் எங்கள் பக்கத்தில் பெட்டிசம் என்போம். யாழ்ப்பாணத்தான் எந்தச் சீமைக்குப் போனாலும் மூன்று சாமான் கொண்டுபோவான்: முருங்கைத் தடி, வேலிச் சண்டை, பெட்டிசம். முருங்கை மட்டும் சில இடங்களில் பிடிப்பதில்லை.

வேலிச் சண்டை தெரியாத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் வேலி கதியால் வேலி. தளிர்க்கும் தடிகளை வரிசையாக நட்டு, இடையில் ஓலை வைத்துக் கட்டுவது. வருடத்துக்கு ஒருமுறை பிரித்து அடைக்க வேண்டும். அப்போது பட்டுப்போன கதியாலைப் பிடுங்கிப் புதியது நடுவோம். புதியதைப் பழைய குழியிலேயே நடுகிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை. நாலு விரக்கடை, அதாவது நாலு விரல் அகலம், அடுத்தவன் பக்கம் தள்ளித்தான் நடுவான். அடுத்தவன் சும்மா இருப்பானா? யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. அங்கே காணி இல்லை. இங்கே வளவுக்குப் பின்னால் காடு, அந்தக் காட்டுக்குப் பின்னாலும் காடு. யானை வந்து வேலியை மிதித்துவிட்டுப் போகிற ஊரில் நாங்கள் நாலு விரக்கடைக்குச் சண்டை பிடித்தோம். பழக்கதோஷம்.

இந்தக் கதை நாற்பத்தேழாம் இலக்கக் காணிக்கும் நாற்பத்தெட்டாம் இலக்கக் காணிக்கும் இடையில் நின்ற வேலியைப் பற்றியது. நாற்பத்தேழில் கமலாசனி. புருஷனைப் பாம்பு கடித்து இரண்டு வருடமாகிறது; பன்னிரண்டு வயதில் ஒரு மகள். நாற்பத்தெட்டில் வீரகத்தி, அவன் மனைவி, ஐந்து பிள்ளைகள். இரண்டு வீட்டுக்கும் நாலு வருடமாகப் பேச்சில்லை, ஏச்சுத்தான். புருஷன் இருந்தவரை ஆம்பிளைகள் இருவரும் வேலியடியில் நின்று வாயால் தீர்த்துக்கொண்டார்கள். அவன் போனபின், தனிப் பெண் வேலியடியில் நின்று கத்துவது அழகில்லை என்று கமலாசனி என்னிடம் வந்தாள். அவள் வந்தது தெரிந்து வீரகத்தியும் வந்தான்.

இரண்டு பேருக்கும் நானே எழுதினேன். அதில் ஒரு பிழையும் எனக்குத் தோன்றவில்லை. ஒரே பரியாரி இரண்டு வீட்டுக்கும் மருந்து கொடுப்பதில்லையா? நான் கேட்டு வாங்குவதுமில்லை. கத்தரிக்காய் கொண்டுவருவார்கள், ஒருமுறை ஒரு சேவல் வந்தது. கமலாசனி வந்து, "வேலியை நாலு விரக்கடை தள்ளி அடைச்சுப்போட்டார், கிளாக்கரையா" என்பாள். வீரகத்தி வந்து, "அவாவின்ர கோழி என்ர மிளகாய்க் கண்டைக் கிளறுது" என்பான். இதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் கந்தோரில் யார் மதிப்பார்கள்? ஆகவே கொஞ்சம் வளர்த்து எழுதுவேன். முடிந்ததும், எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்வார்கள். அவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்வேன். திருப்தியாகக் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார்கள். இப்படி இரண்டு வருடத்தில் முப்பத்தொரு பெட்டிசம். பதினாறு அவளுடையது, பதினைந்து அவனுடையது. ஆங்கிலம் எழுத வேறு வழியில்லாத ஊரில் எனக்கு அது ஒரு விளையாட்டுத் திடல் மாதிரி இருந்தது.

மாசி மாதம் காணிக் கந்தோரிலிருந்து ஒரே கடிதம் இரண்டு பிரதியாக வந்தது. கமலாசனி காலையில் கொண்டுவந்தாள். ஆங்கிலம் நன்றாகவே இருந்தது. சுருக்கம் இதுதான்: மேற்படி இரண்டு காணிகளின் எல்லை பற்றி முப்பத்தொரு பெட்டிசம் கிடைத்திருக்கிறது. எல்லை இருப்பதால்தான் தகராறு. எல்லையை எடுத்துவிட்டால் தகராறு இராது. ஆகவே இரண்டு காணிகளையும் 'அமல்கமேற்' செய்து, தகுதியான ஒருவருக்கு ஒரே பெர்மிற்றாக, அதாவது ஒரே அனுமதிப்பத்திரமாக, கொடுக்க உத்தேசம். மற்றவருக்கு வேறு குடியேற்றத் திட்டத்தில் காணி வரும்போது கவனிக்கப்படும். வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் விசாரணை.

"என்னவாம்?" என்றாள் கமலாசனி. கடிதத்தின் மேல் விரலை வைத்து, "உதென்ன உந்த நீளச் சொல்லு?"

"அமல்கமேற். சேர்க்கிறது எண்டு கருத்து."

"சேர்க்கிறது நல்ல காரியம்தானே. எதையாம்?"

"காணியை."

"எந்தக் காணியை எதோட?"

அந்தச் சொல்லின் குணமே அதுதான். எது எதற்குள் போகிறது என்று அது சொல்லாது. பூனையையும் எலியையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு, இரண்டையும் அமல்கமேற் செய்தேன் என்று எழுதினால் ஆங்கிலத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

"விசாரணையில விளக்கமாச் சொல்லுவினம், பிள்ளை," என்றேன். அவள் கொண்டுவந்த கத்தரிக்காயை வைத்துவிட்டு நிம்மதியாகப் போனாள்.

மத்தியானம் வீரகத்தி வந்தான். அவனுக்கு முழுவதையும் சொன்னேன். கேட்டால் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் கதிரையில் இருந்து காலில் பட்ட சேற்றைச் சுரண்டினான்.

"நான் கேட்டது நாலு விரக்கடை," என்றான். "அவை ஏன் மூண்டு ஏக்கர் தரப்பாக்கினம்?"

"அது அவையின்ர முடிவு."

"தகுதியான ஆள் எண்டால் ஆர்?"

"நீதான். உனக்கு வயல் செய்ய ஆம்பிளைப் பிள்ளையள் இருக்கினம். அவளுக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை."

"அப்ப அவா எங்க போறது?"

"கவனிக்கப்படும் எண்டு எழுதியிருக்கு."

"ஆர் கவனிக்கிறது?"

கடிதத்தில் அது இல்லை. இல்லை என்று சொன்னேன்.

அவன் எழுந்தான். "வேண்டாமெண்டு சொல்லலாம்," என்றான். "ஆனால் தாற காணியை வேண்டாமெண்டு சொன்னால் எனக்கு விசரெண்டெல்லோ சொல்லுவினம்." கேள்வியா முடிவா என்று தெரியாதபடி சொல்லிவிட்டு வாய்க்கால் வரம்பால் போய்விட்டான்.

பொழுதுபடுவதற்குள் அந்தச் சொல் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. தேத்தண்ணிக் கடைத் தவராசா பாலையும் சாயத்தையும் ஆற்றிக்கொண்டே, "அமல்கமேற் பண்ணித் தரவோ, வெறுந்தேத்தண்ணியோ?" என்று கேட்கத் தொடங்கினான். ஒற்றை மாடு வைத்திருந்த இருவர் தங்கள் மாடுகளை அமல்கமேற் பண்ணி உழுவதாகப் பேசிக்கொண்டார்கள். எல்லாரும் சரியாகத்தான் பயன்படுத்தினார்கள். எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

விமலேஸ்வரிக்கு மட்டும் அது ஏற்கெனவே தெரிந்த சொல். மலாயாவில் எங்கள் தோட்டத்தையும் பக்கத்துத் தோட்டத்தையும் ஒரு கொம்பனி வாங்கியபோது அறிவித்தல் பலகையில் அதை முதன்முதலாகக் கண்டேன். அகராதி பார்த்தேன்: இரண்டை ஒன்றாகச் சேர்த்தல். நல்ல சொல் என்று நினைத்து வீட்டுக்கு வந்து அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். மாத முடிவில் இரண்டு தோட்டத்துத் தலைமைக் கிளாக்கர்மாருக்கும் ஒரு மேசைதான் இருந்தது. மற்றவன் மேசையில் இருந்தான். நான் கப்பலில் இருந்தேன்.

"இஞ்சாருங்கோ," என்றாள் விமலேஸ்வரி, சோற்றைப் போட்டுக்கொண்டு. "கமலாசனிக்கு என்ன கருத்துச் சொன்னியள்?"

"சேர்க்கிறது எண்டு."

"அகராதியில இருக்கிறதைச் சொல்லிப்போட்டு, உங்களுக்கு நடந்ததைச் சொல்லாமல் விட்டிட்டியளாக்கும்."

நான் சாப்பிட்டேன்.

"அப்ப அந்தக் கத்தரிக்காயைத் திருப்பிக் குடுத்திட்டு வாங்கோ," என்றாள்.

அடுத்த நாள் காலை போனேன். கத்தரிக்காய் கறியாகிவிட்டபடியால் வெறுங்கையோடுதான் போனேன். கமலாசனி மிளகாய்க்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரே பெர்மிற், ஒரே ஆள், மற்ற ஆள் வெளியே என்று சொன்னேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நானும் பிள்ளையும் எங்க போறது? ஊரில எங்களுக்கு ஒண்டும் இல்லை. வித்துச் சுட்டுப்போட்டெல்லோ இஞ்ச வந்தனாங்கள்."

அவள் வேலிப் பக்கம் திரும்பினாள்.

"உதைச் செய்யச்சொல்லி ஆர் கேட்டது? வீரகத்தியண்ணையோ?"

"இல்லை. பெட்டிசங்கள் கூடிப்போச்சு. அதாலதான்."

"நான் வேலியைத் திருப்பி வைக்கச் சொல்லித்தானே கேட்டனான்? நீங்கள் அதைத்தானே எழுதினனீங்கள்?"

"ஓம்," என்றேன். இரண்டே எழுத்து. என் வாழ்நாளில் நான் சொன்ன மிகச் சிறிய பொய் அதுதான், அதுவும் தமிழில்.

வீட்டுக்கு வந்து, முப்பத்திரண்டாவது பெட்டிசமாக ஒன்று எழுதி இதை நிறுத்திவிடலாம் என்று தாளை எடுத்தேன். விமலேஸ்வரி மைப்போத்தலைத் தூக்கிக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

வியாழக்கிழமை காணி அதிகாரி ஜீப்பில் வந்தார். கொழும்பிலே பிறந்து வளர்ந்த தமிழர். தமிழ் பேசுவார், விளங்கும். ஆனால் ஓர் ஆங்கிலக் கடிதத்தை அந்த இடத்திலேயே தமிழில் சொல்லும் அளவுக்குத் தமிழ் இல்லை. பெட்டிசங்கள் அடங்கிய கோப்பை மேசையில் வைத்துவிட்டு, ஆங்கிலம் தெரிந்தவர் யார் என்று கேட்டார். எட்டாம் வாய்க்கால் முழுவதும் என்னைப் பார்த்தது. எழுந்து போனேன். தெய்வத்தின் பேரில் சத்தியம் செய்வித்தார்: கடிதத்தில் உள்ளதை உள்ளபடி தமிழில் சொல்ல வேண்டும், வேறு ஒரு சொல்லும் இரண்டு தரப்பாரோடும் பேசக்கூடாது.

பிறகு ஆங்கிலத்தில் எனக்கு மட்டும் விஷயத்தை விளக்கினார். ஒவ்வொரு பெட்டிசத்தையும் வாசித்துக் காட்டி, அது உன்னுடையதா என்று கேட்க வேண்டும். ஓம் என்றால் தகராறு உண்டு. காணியைச் சேர்க்கத்தான் வேண்டும், அந்த அம்மாவுக்கு வயல் செய்ய ஆளில்லாதபடியால் மற்றவருக்குத்தான் போகும். இல்லை என்றால் தகராறு இல்லை. கோப்பை மூடிவிட்டு அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளிநொச்சிக்குப் போய்விடலாம். அவருக்கு எது என்றாலும் சரி.

"எல்லாம் ஒரே கையெழுத்து," என்று கோப்பைப் புரட்டினார். "இந்தக் காட்டுக்குள் யாரோ நல்ல ஆங்கிலம் எழுதுகிறான். ஆளைப் பார்க்க ஆசை." வேறொரு நாள் என்றால் அந்த வார்த்தையை ஒரு மாதத்துக்கு வைத்துச் சாப்பிட்டிருப்பேன்.

கமலாசனி முன் வாங்கில் இருந்தாள். பெர்மிற்றைப் பழைய சேலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். வீரகத்தி சால்வையைத் தோளில் போட்டு மறுபக்க வாங்கில் இருந்தான். ஊர் பின்னால் நின்றது.

முதல் பெட்டிசத்தை எடுத்தேன். கண் ஆங்கிலத்தில் ஓடியது. வாய் பழக்கப்படி வேலை செய்தது. "'வீரகத்தி என்பவர் வேலியை நாலு விரக்கடை தள்ளி அடைச்சுப்போட்டார்.'"

"உங்களுடையதா?" என்றார் அதிகாரி.

"ஓம் ஐயா," என்றாள் கமலாசனி, திடமாக.

அவர் சிவப்புப் பென்சிலால் ஒரு சரி போட்டார்.

இரண்டாவது வீரகத்தியுடையது. "'கமலாசனியின்ர கோழி என்ர மிளகாய்க் கண்டைக் கிளறுது.'"

"ஓம் ஐயா." இன்னொரு சரி.

மூன்றாவது மறுபடி அவளுடையது, மறுபடி நாலு விரக்கடை. "ஓம் ஐயா, சத்தியமா," என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மையைப் பலமாகச் சொன்னால் காணி நிற்கும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். நான் இனிப்பாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு சிவப்புச் சரியோடும் அவளுடைய காணி போய்க்கொண்டிருந்தது. இல்லையென்று சொல்லு பிள்ளை என்று ஒரு சொல் சொல்ல வழியில்லை. அதிகாரிக்கு அவ்வளவு தமிழ் விளங்கும். எனக்கு அனுமதிக்கப்பட்டது ஒன்றே ஒன்று: உள்ளதை உள்ளபடி வாசிப்பது. இரண்டு வருடத்தில் அதை மட்டும்தான் நான் செய்து பார்க்கவில்லை.

நாலாவதைக் கையில் எடுத்தேன். தொண்டையைச் செருமினேன்.

"'மேற்படி வீரகத்தி, நாடு பிடிக்க வந்த சேனாதிபதியைப் போல, ஆயுதம் தாங்கிய பரிவாரத்துடன் எனது காணிக்குள் புகுந்து, ஒரு கைம்பெண்ணின் சீவனத்தை விழுங்கினார். குடிவெறியில் மனைவியை அடிக்கும் இம் மூர்க்கனுக்கு அஞ்சி நான் கண்ணுறங்கி மாதக்கணக்காகிறது.'"

ஆயுதம் என்றது குழி தோண்டும் அலவாங்கை. பரிவாரம் என்றது, வேலியடைத்தவனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த அவன் மனைவியை.

பின்னால் நின்ற ஊர் ஓரடி முன்னால் வந்தது.

"உங்களுடையதா?" என்றார் அதிகாரி.

"எது?" என்றாள் கமலாசனி. "ஆர் உதைச் சொன்னது?"

"உங்களுடைய கையெழுத்து இருக்கிறது."

"ஐயா, நான் உப்பிடிச் சொல்லேல்லை. இவர் குடிக்கிற ஆளே இல்லை. என்ர மனிசனைப் பாம்பு கடிச்சண்டைக்கு வண்டில் கட்டி ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினவர் இவர்தான். அண்டைக்கும் எங்களோட கதைக்கேல்லை. கதைக்காமலே கொண்டுபோனவர். வேலிக்கதை வேற."

வீரகத்தி சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். அதிகாரி பென்சிலால் ஒரு கோடு கிழித்தார்.

ஐந்தாவது வீரகத்தியுடையது. அதில் என்ன இருக்கிறது என்று தாளைக் கண்டதும் ஞாபகம் வந்தது. எழுதிய நாளில் அந்த ஒரு வரிக்காகவே எழுந்து நின்று இரண்டாம் முறை வாசித்துப் பார்த்தவன் நான்.

"'மேற்படி பெண்ணின் நடத்தை பற்றி ஊரில் நல்ல கதை இல்லை. கணவன் இறந்த பின் இவள் வளவுக்கு வேளைகெட்ட வேளையில் ஆடவர் வந்துபோவதாகப் பலரும் அறிவர். இத்தகையவளுக்கு அரசாங்கக் காணி...'" தாளைக் கீழே வைத்து, மறுபடி எடுத்தேன். சத்தியம் செய்திருந்தபடியால் மிச்சத்தையும் வாசித்தேன்.

இப்படியொரு வரி மலாயாவில் முறைப்பாட்டுக் கடிதங்களில் சாதாரணமாக வரும். கறிக்கு உப்புப் போடுவது போலத்தான் போட்டேன். கமலாசனி என்ற ஒருத்தி அதற்குள் இருக்கிறாள் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. இப்போது அவள் எனக்கு எட்டடி தூரத்தில், சேலைத் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஊர் முழுவதற்கும் முன்னால் இருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அறுபத்திரண்டு வயதில் முதன்முதலாக வெட்கப்படுவது சுகமான காரியமில்லை.

வீரகத்தி எழுந்து மேசைக்கு வந்தான். அதிகாரியைப் பார்க்கவில்லை.

"கிளாக்கர், நான் உதைச் சொன்னனானோ?"

பேசக்கூடாது என்ற சத்தியம் நினைவுக்கு வந்தது. அதிகாரியைப் பார்த்தேன். பேசும் என்று கையைக் காட்டினார்.

"இல்லை."

"நான் என்ன சொன்னனான்?"

"கோழி கிளறுது எண்டு."

"அப்ப உது எங்கயிருந்து வந்தது?"

"என்னட்டையிருந்து."

அதிகாரி பென்சிலை வைத்துவிட்டார். "நீரா எழுதியது?" என்று தமிழிலேயே கேட்டார்.

"ஓம்."

"முப்பத்தொன்றும்?"

"ஓம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆளைப் பார்க்க ஆசைப்பட்டவர் பார்த்துவிட்டார். "மிச்சத்தையும் வாசியும்," என்றார்.

வாசித்தேன். ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. ஏவிவிடப்பட்ட கோழிகள் வந்தன. இரண்டு கண்ணீர் வெள்ளம் வந்தது. நாலு விரக்கடை பன்னிரண்டாவதில் கால் ஏக்கராகவும் பத்தொன்பதாவதில் 'கணிசமான நிலப்பரப்பாகவும்' வளர்ந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் இருவரும் முறை வைத்து "இல்லை", "இல்லை" என்றார்கள். இருபதாவதுக்குப் பிறகு யாருடைய பெட்டிசம் என்று பார்க்காமல் இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்கள். இருபத்திமூன்றாவதில், வீரகத்தி அவளுடைய கிணற்றில் நஞ்சு கலக்கத் திட்டமிடுகிறான் என்ற இடத்தில், அவன் வாங்கைத் தாண்டி அவள் பக்கம் திரும்பினான்.

"உதைக் கேட்டியே, பிள்ளை?"

"கேட்டன், அண்ணை."

நாலு வருடத்தில் அவர்களுக்குள் அதுதான் முதல் பேச்சு.

கடைசியில் அதிகாரி, முதல் மூன்றுக்கும் ஓம் என்றீர்களே, அதற்கு என்ன செய்வது என்று கேட்டார். கமலாசனி வீரகத்தியைப் பார்த்தாள். வீரகத்தி கூரையைப் பார்த்தான்.

"அது எங்கட வேலி, ஐயா," என்றாள். "அதை நாங்கள் பாப்பம்."

அவர் கோப்பில் இரண்டு வரி எழுதினார். தலைகீழாகப் பார்த்தும் எனக்கு விளங்கியது: பெட்டிசங்களுக்கு உரியவர் இல்லை; ஆகவே அமல்கமேற் என்ற கேள்வி எழவில்லை. சரியான பிரயோகம். ஜீப் போய்விட்டது.

எட்டாம் வாய்க்காலுக்குப் போக ஒரே வரம்புதான். அவர்கள் இருவரும் முன்னால் போனார்கள், நான் பின்னால் போனேன். வழி நெடுக அவர்கள் பேசியது என்னைப் பற்றித்தான். மறைக்கவில்லை, எனக்குக் கேட்கட்டும் என்றே பேசினார்கள். காது நன்றாகக் கேட்கும் என்பது என் உடம்பில் மிச்சமிருந்த ஒரு குறை.

அதன்பிறகு ஒரு மாதம் என் வாசலுக்கு ஒரு கடிதமும் வரவில்லை. ஆங்கிலக் கடிதம் வந்தவர்கள் பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போனார்கள். தவராசா கடையில் எனக்குத் தேத்தண்ணி கிடைத்தது; ஆனால் நான் போய் இருந்தால் வாங்கில் இருந்தவர்களுக்கு ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். விமலேஸ்வரி, "உண்மையைத்தானே வாசிச்சனீங்கள், முந்தி வாசிச்சிருக்கலாம்," என்றாள். அதற்கு மேல் என்னைக் குத்திக்காட்டவில்லை. நான் குத்திக்காட்டியிருப்பேன்.

பங்குனியில் நாற்பத்தேழுக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவில் வேலி அடைத்தார்களாம். கமலாசனி கயிறு பிடித்தாளாம், வீரகத்தி கதியால் நட்டானாம். வழமைப்படி நாலு விரக்கடை தள்ளித்தான் அலவாங்கைப் போட்டானாம். அவள் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, உங்கால," என்றாளாம். கதியால் அவன் பக்கமே திரும்பிப் போய்விட்டதாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னது விமலேஸ்வரி.

அதற்கு இரண்டு நாள் கழித்து, காலையில் இரண்டு பேரும் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். சேர்ந்து வந்தார்கள். கதிரை காட்டினேன், இருக்கவில்லை.

"ஒரு பெட்டிசம் எழுதவேணும்," என்றான் வீரகத்தி.

"ஆருக்கு எதிரா?"

"உங்களுக்கு."

உள்ளே விமலேஸ்வரி உலக்கையை நிறுத்திவிட்டாள்.

"கிளிநொச்சியில எழுதுவிக்கலாமே," என்றேன்.

"அங்கத்தை ஆளைத் தெரியாது. அவன் என்ன எழுதுறானோ ஆர் கண்டது?" என்றாள் கமலாசனி. "உங்களை எங்களுக்குத் தெரியும்."

தாளை எடுத்தேன். என்ன எழுதவேண்டும் என்று கேட்டேன். வீரகத்தி ஏற்கெனவே யோசித்துக்கொண்டு வந்திருந்தான். "இனிமேல் இந்தக் கையெழுத்தில வாற ஒண்டையும் நம்பவேண்டாம் எண்டு காணிக் கந்தோருக்கு எழுதுங்கோ."

"இதே கையெழுத்திலயோ?"

"ஓம்."

அவனுக்கு அதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"நாங்கள் சொல்லுறதை மட்டும் எழுதுங்கோ," என்றாள் கமலாசனி.

எழுதினேன். பேனை முனையில் 'மதிப்புக்குரிய சமூகத்தின் சாபக்கேடு' என்றொரு தொடர் தானாக வந்து நின்றது; நல்ல தொடர். அதை விட்டேன். இரண்டு வரியில் முடிந்தது. தமிழில் வாசித்துக் காட்டினேன். கமலாசனி மறுபடி வாசிக்கச் சொன்னாள். மூன்றாம் முறையும் வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் மேலே விரலை வைத்து இது என்ன, இது என்ன என்று கேட்டாள். சொன்னேன். எல்லாம் சரியாக இருந்தது.

"அவ்வளவுதானோ?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"நீங்கள் மோசமான ஆள், குடும்பங்களைப் பிரிக்கிற ஆள் எண்டு ஒண்டும் போடேல்லையோ?"

"நீங்கள் சொல்லேல்லை. சொன்னால் போடுறன்."

பேனையை மையில் தொட்டுக்கொண்டு காத்திருந்தேன். உண்மையாகவே எழுத ஆயத்தமாகத்தான் இருந்தேன். வீரகத்தி அவளைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், பிறகு குசினி வாசலில் உலக்கையோடு நின்ற விமலேஸ்வரியைப் பார்த்தாள்.

"வேண்டாம்," என்றாள். "நாங்கள் அப்பிடிச் சொல்லேல்லை."

பேனையை என் கையிலிருந்து வாங்கிக் கையெழுத்து வைத்தாள்.